முதல் வெப்சைட் செய்யப் போறீங்களா? டூல் எது வரைக்கும் வரும், டிசைனர் எங்க வேணும்: படிப்படியா

இப்போ ஒரு வெப்சைட் செய்றதுக்கு கோடிங் தெரிஞ்சே ஆகணும்னு இல்ல, விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், வேர்ட்பிரஸ், வெப்ஃப்ளோ, ஃப்ரேமர்னு டூல் வரிசை கட்டி நிக்குது, அது போக ஏஐ கிட்ட "ஒரு பல் கிளினிக்குக்கு சைட் வேணும்"னு நாலு வரி எழுதிக் கொடுத்தா கொஞ்ச நேரத்துல முழுப் பக்கமும் வந்துடுது. அப்புறம் டிசைனர் எதுக்குன்னு புதுசா கத்துக்கறவங்க கேக்கறாங்க, நியாயமான கேள்விதான். ஆனா இந்த மாதிரி டூல் வர்றது இது முதல் தடவை இல்ல. 1990கள்ல ஃப்ரன்ட்பேஜ் வந்துச்சு, 1997ல ட்ரீம்வீவர், 2003ல வேர்ட்பிரஸ், 2016லயே விக்ஸ் கேள்வி கேட்டு தானா சைட் செஞ்சு தர்ற வசதியைக் கொண்டு வந்துட்டாங்க. ஒவ்வொரு தடவையும் கை வேலை குறைஞ்சுது. யாருக்காக செய்றோம், எதை மேல வைக்கணும், எதைத் தூக்கிப் போடணும்னு யோசிக்கிற வேலை அப்படியேதான் இருக்கு.

ஒரு சின்ன பல் கிளினிக்குக்கு சைட் செய்றதா வச்சுக்குவோம். ஒவ்வொரு படியிலயும் டூல் என்ன பண்ணும், எங்க மனுஷ மூளை வேணும்னு சேர்த்தே சொல்றேன்.

படி 1: டூலைத் திறக்காதீங்க, பேப்பர் எடுங்க

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீங்க, ரொம்ப கெஞ்சிக் கேக்கறேன். கிளினிக்ல போன் எடுக்கிறவங்க கிட்ட உக்காந்து, தினமும் என்னென்ன கேள்வி வருதுன்னு கேட்டு எழுதுங்க. "இன்னைக்கு டாக்டர் இருக்காரா", "எத்தனை மணி வரைக்கும்", "பல் எடுத்தா வலிக்குமா", "குழந்தைக்குப் பாப்பீங்களா", "வண்டி நிறுத்த இடம் இருக்கா", இப்படித்தான் வரும். உங்க சைட்டுக்கு வர்றவர் ராத்திரி பல் வலியோட ஒரு கையில கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில போனை வச்சிருக்கறவர். அவருக்கு கிளினிக்கோட வரலாறு வேணாம், நம்பரும் நேரமும் வேணும்.

ஏஐ டூல் கிட்ட இதே சைட்டைக் கேட்டா மேல ஒரு பெரிய சிரிப்புப் படம், "உங்கள் புன்னகை எங்கள் பொறுப்பு" மாதிரி ஒரு வரி, கீழ மூணு கட்டம், அதுக்குக் கீழ பாராட்டு வரிகள்னு வரும். ஏஐ இது வரைக்கும் பார்த்த ஆயிரக்கணக்கான சைட்ல எது அடிக்கடி வருதோ அதைத்தான் திருப்பித் தருது, உங்க கிளினிக் போன்ல என்ன கேக்கறாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லல. சொன்னா ஓரளவு நல்லாவே செய்யும், ஆனா சொல்றதுக்கு முன்னாடி யாராவது போய்க் கேட்டுட்டு வரணும் இல்லையா, அந்த வேலைக்குப் பேர்தான் டிசைன்.

படி 2: எழுத்தை முதல்ல எழுதுங்க

டெம்ப்ளேட்ல, அதாவது டூல் ரெடியா தர்ற மாதிரிப் பக்கத்துல, லோரம் இப்சம்னு அர்த்தமில்லாத லத்தீன் எழுத்து நிரப்பி வச்சிருப்பாங்க, அதனால எல்லாமே அளவா அழகா தெரியும். உண்மையான எழுத்து அப்படி இருக்காது, ஒரு சிகிச்சைக்கு ரெண்டு வரி போதும், இன்னொண்ணுக்கு பத்து வரி ஆகும். அதனால டெம்ப்ளேட் பாக்கறதுக்கு முன்னாடியே ஒரு டாக்குமென்ட்ல எல்லாத்தையும் எழுதிடுங்க.

ஏஐயை முதல் டிராஃப்டுக்கு தாராளமா வச்சுக்கலாம். ஆனா அது எழுதினதை வரி வரியா படிங்க, ஏன்னா "1000க்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்"னு ஒரு எண்ணை அதுவா போட்டுடும், இல்லாத நோயாளி பேர்ல பாராட்டு எழுதி வச்சிடும். டெம்ப்ளேட்லயும் இப்படி சாம்பிள் பாராட்டு இருக்கும். வைத்தியம் சம்பந்தப்பட்ட சைட்ல இது அப்படியே வெளிய போனா அது பொய், வேற பேரே கிடையாது. எல்லாத்தையும் அழிச்சிடுங்க, உண்மையானது கிடைக்கும்போது சேர்த்துக்கலாம்.

படி 3: டூல் தேர்வு

இதுல நிறைய பேர் தேவைக்கு மேல நேரம் செலவு பண்றாங்க. அஞ்சு பக்க சைட், நீங்களே பாத்துக்கப் போறீங்கன்னா விக்ஸோ ஸ்குவேர்ஸ்பேஸோ போதும். அடிக்கடி கட்டுரை போடணும், பின்னாடி வேற ஹோஸ்டிங்குக்கு (சைட்டை வச்சிருக்கிற சர்வர் இடம்) மாறணும்னு தோணுச்சுன்னா வேர்ட்பிரஸ், அது ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லாருக்கும் திறந்தது), சைட்டை மொத்தமா எடுத்துட்டுப் போகலாம். விக்ஸ்ல செஞ்ச சைட்டை அப்படியே தூக்கிட்டு வேற இடத்துல வைக்க முடியாது, இதைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள போங்க. ஃபிக்மா வேற வகை, அது 2016ல வெளிவந்த டிசைன் வரையற டூல், பல பேர் ஒரே நேரத்துல ஒரே ஃபைல்ல வேலை செய்யலாம்ங்கறதுதான் அதோட பலம்.

படி 4: டெம்ப்ளேட்ல இருந்து எடுக்கிறதுதான் வேலை

டெம்ப்ளேட் எல்லாருக்கும் பொருந்தணும்னு எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கும், ஸ்லைடர், அனிமேஷன், நியூஸ்லெட்டர் பாக்ஸ், அஞ்சு சோஷியல் மீடியா ஐகான். பேப்பர்ல எழுதின கேள்வியை ஒவ்வொண்ணா வச்சுப் பாருங்க, எதுக்கும் பதில் சொல்லாத பகுதியை டெலீட் பண்ணுங்க.

இங்கதான் ஓனரோட இழுபறி ஆரம்பிக்கும். அவருக்கு வாங்கின புது மெஷினோட படம் முதல்ல வரணும், பரிசு வாங்கின படமும் வரணும், சலுகையும் மின்னணும். டூல் எதுக்கும் மறுப்பு சொல்லாது, போடுன்னா போடும். நல்ல டிசைனர் அங்க உக்காந்து பொறுமையா பேசுவார், "சார், உங்க கிட்ட வர்றவங்க பாதிப் பேர் பயத்தோட வர்றாங்க, முதல் படமே டிரில்லோட க்ளோஸப்பா இருந்தா திரும்பிப் போயிடுவாங்க, அந்த இடத்துல நீங்க இயல்பா பேசிக்கிட்டு இருக்கிற ஒரு படமும் 'வலிக்குமா?'ங்கற கேள்விக்கு உங்க வார்த்தையில நாலு வரி பதிலும் வைப்போம்"னு சொல்வார். பயம்னா என்னன்னு தெரிஞ்ச ஆள் எடுக்கிற முடிவு இது. என்னைக் கேட்டா ஒரு டிசைனருக்கு கொடுக்கிற சம்பளத்துல பெரும்பகுதி இந்தப் பேச்சுக்குத்தான் போகணும்.

படி 5: எழுத்துரு, கலர்

பத்தி எழுத்து 16 பிக்சலுக்குக் குறைய வேணாம். எழுத்து கலருக்கும் பின்னணி கலருக்கும் வித்தியாசம் குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும்னு பார்வைக் குறை, உடல் குறை இருக்கறவங்களும் சைட்டைப் பயன்படுத்த முடியணும்ங்கறதுக்கான டபிள்யூசிஏஜிங்கற (WCAG) அணுகல் வழிகாட்டி சொல்லுது, பெரிய எழுத்துன்னா 3க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில #767676ங்கற சாம்பல் கலர் இந்த எல்லையை ஒட்டி பாஸ் ஆகும், #999999 ஃபெயில். நிறைய டெம்ப்ளேட்ல அந்த வெளிறின சாம்பல்தான் இருக்கு, வயசானவங்க வெயில்ல நின்னு படிக்கவே முடியாது, தயவுசெஞ்சு மாத்துங்க.

தமிழ்ல சைட் செய்றவங்களுக்கு இன்னொரு விஷயம். டூல்ல இருக்கிற அழகான ஃபான்ட் பாதிக்கு மேல தமிழ் எழுத்தே கிடையாது, நீங்க அதைத் தேர்ந்தெடுத்தா பிரவுசர் போன்ல இருக்கிற வேற ஏதோ தமிழ் ஃபான்டைப் போட்டுக் காட்டும், ஆளுக்கு ஆள் வேற மாதிரி தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் இதெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம், உண்மையாவே தமிழ் எழுத்து இருக்கு. நமக்கு மேல புள்ளியும் இகர வளைவும், கீழ உகரச் சுழியும் வர்றதால வரி இடைவெளியை 1.6, 1.7னு கொஞ்சம் தாராளமா வைங்க. தமிழ்ச் சொல் நீளம், இங்கிலீஷுக்கு அளவெடுத்த பட்டன்ல உடைஞ்சு தொங்கும், ஒவ்வொரு பட்டனையும் கண்ணால பாருங்க.

படி 6: போன்ல பாருங்க

ஒரே பக்கம் திரைக்கு ஏத்த மாதிரி மாறிக்கிற ரெஸ்பான்ஸிவ் டிசைன்ங்கற பேரை ஈதன் மார்காட்ங்கற வெப் டிசைனர் 2010ல வச்சார், இன்னைக்கு எல்லா டூலும் அதைத் தானா செய்யுது. செய்யுதுன்னு நம்பி விட்டுடாதீங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டு பத்தியா பக்கத்துல இருந்தது போன்ல ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கும்போது நேரமும் நம்பரும் அடியில போயிருக்கலாம். 320 பிக்சல் அகலத்துல கூட பக்கவாட்டுல தள்ளாம படிக்க முடியணும். போன் நம்பரைப் படமா வைக்காதீங்க, தொட்டா கால் போற லிங்க்கா வைங்க. கேமரா போட்டோவை அப்படியே ஏத்தாம அகலத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறைச்சு வெப்பிங்கற (WebP) சின்ன சைஸ் பட ஃபார்மட்ல போடுங்க, பக்கத்தோட பெரிய பகுதி 2.5 விநாடிக்குள்ள தெரியணும்ங்கறது கூகுள் வச்சிருக்கிற அளவு.

படி 7: டெஸ்ட், ரெண்டு விதமா

முதல்ல மெஷின் டெஸ்ட். குரோம்ல எஃப்12 அழுத்தி லைட்ஹவுஸ்னு ஒரு டேப் இருக்கும், ஓட்டுங்க, வேகம், அணுகல் எல்லாத்துக்கும் மார்க் போடும். நல்ல டூல், நான் எப்பவும் ஓட்டுவேன். ஆனா அணுகல்ல 100 வந்தாலும் வேலை முடியல, ஏன்னா படத்துக்கு மாற்று விளக்கம் இருக்கான்னுதான் அது பாக்கும், அதுல "படம் 1"னு எழுதியிருந்தாலும் பாஸ் பண்ணிடும். கண் தெரியாதவர், திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டற ஸ்கிரீன் ரீடர்ல அதைக் கேட்டா என்ன புரியும்? மவுஸைத் தொடாம டேப் கீ மட்டும் வச்சு அப்பாயின்ட்மென்ட் ஃபார்ம் வரைக்கும் போய்ப் பாருங்க, எங்க இருக்கோம்னே தெரியாம காணாமப் போனா அந்த டெம்ப்ளேட்ல கோளாறு.

அடுத்தது மனுஷ டெஸ்ட், இதுக்கு ஈடே கிடையாது. சைட் பயன்படுத்த எளிதா இருக்கான்னு ஆராய்ற நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000லயே அஞ்சு பேரை வச்சுப் பாத்தா போதும், பெரும்பாலான சிக்கல் வெளிய வந்துடும்னு எழுதினார். உங்க சைட்டைப் பாக்காத அஞ்சு பேரைப் பிடிங்க, ஒருத்தராவது வயசானவரா இருக்கட்டும், போனைக் கையில கொடுத்து "நாளைக்குக் காலையில டாக்டரைப் பாக்க நேரம் வாங்குங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. "மேல இருக்கு பாருங்க"ன்னு சொல்லணும்னு நாக்கு துடிக்கும், சொல்லாதீங்க. அவங்க விரல் எங்க தயங்குது, எந்தப் பட்டனை ரெண்டு தடவை அழுத்தறாங்க, எப்போ புருவத்தைச் சுருக்கறாங்கன்னு எழுதிக்கிட்டே வாங்க. நல்லா இருக்கான்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க, மனசு நோகக் கூடாதுன்னு, அதனால கேக்கறதை விட பாக்கறது முக்கியம். மூணு பேர் ஒரே இடத்துல தடுமாறினா அவங்க மேல தப்பு இல்ல, பக்கத்தை மாத்துங்க.

படி 8: டிசைனரை எப்போ கூப்பிடணும்

அஞ்சு பக்க சைட் நீங்களே செஞ்சுடலாம், பயப்படாதீங்க. பணம் கட்டற வசதி வருது, நிறைய ஃபார்ம் வருது, ரெண்டு மொழி வருது, ஜனங்க வந்துட்டு எதுவும் செய்யாம போறாங்க ஏன்னு புரியல, இந்த இடங்கள்ல கூப்பிடுங்க. பழைய வேலையைக் காட்டும்போது எந்த டூல்ல செஞ்சீங்கன்னு கேக்காம "இதை ஏன் இங்க வச்சீங்க, முதல்ல எப்படி இருந்துச்சு"ன்னு கேளுங்க, காரணம் சொல்லத் தெரிஞ்சவரை எடுங்க. ஏஐ வச்சு வேலை செய்றேன்னு சொன்னா அதுல தப்பே இல்ல, மிச்சமாகற நேரத்தை உங்க நோயாளிகள் கிட்ட பேசறதுக்கு செலவு பண்ணுவாரான்னு மட்டும் பாருங்க.

டொமைனும் (சைட்டோட முகவரிப் பேர்) ஹோஸ்டிங்கும் டிசைனர் பேர்ல இல்லாம கிளினிக் ஓனர் பேர்லயும் அவரோட இமெயில்லயும் பதிவாகட்டும். வேலை முடிஞ்சதும் டாக்டர் லீவு, நேர மாற்றம் இந்த ரெண்டையும் கிளினிக் ஆளே மாத்தற மாதிரி பக்கத்துல உக்காந்து ஒரு தடவை சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க, மத்ததுக்கு அவரைக் கூப்பிட்டுக்கலாம்.