அல்சாஸ் ஒயின் இனிக்குமா, இனிக்காதா? லேபிளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

கிழக்கு பிரான்சின் அல்சாஸ் பகுதியில், கோல்மார் என்ற ஊரில் ஒரு கடையில் பினோ கிரி என்ற வெள்ளை ஒயின் (2018 அறுவடை) வாங்கினேன். மீன் வறுத்து, பாட்டிலைக் குளிரவைத்து, ஆசையாக ஊற்றினால் தேன் கலந்த மாதிரி இனிப்பு! லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்; இனிப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதன் பிறகு கற்றுக்கொண்டதுதான் இது.

படி 1: திராட்சை ரகத்தின் பெயரைத் தேடுங்கள். பிரான்சின் பல ஒயின்களில் ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும். அல்சாஸில் திராட்சையின் பெயரே இருக்கும். ரீஸ்லிங் புளிப்பும் எலுமிச்சை வாசனையுமாக இருக்கும். கெவுர்ட்ஸ்டிராமினரில் ரோஜாவும் லிச்சியும் மணக்கும். பினோ கிரி கனமானது. சிவப்புக்குப் பினோ நுவார் மட்டுமே. எடெல்ட்ஸ்விக்கர் என்பது ரகம் அல்ல, வெள்ளை ரகங்களின் கலவை.

படி 2: இனிப்பு. நான் சறுக்கிய இடம் இதுதான். மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை தடுத்துவிடுவதால் இங்கே வெயிலுக்குக் குறைவில்லை. கெவுர்ட்ஸ்டிராமினரிலும் பினோ கிரியிலும் சர்க்கரை நன்றாக ஏறும். நொதித்து முடிந்த பிறகும் அதில் கொஞ்சம் மிஞ்சலாம். எவ்வளவு மிஞ்சியது என்பதை ரகத்தின் பெயர் சொல்லாது.

2021 அறுவடையிலிருந்து சாதாரண வெள்ளை ஒயின்களில் இதை எழுதியே ஆக வேண்டும். 'செக்' (இனிக்காதது) என்றால் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை (அமிலம் போதிய அளவு இருந்தால் 9 வரை). 'தெமி-செக்' (லேசான இனிப்பு) 12 வரை, 'முவாலே' (இனிப்பு) 45 வரை, அதற்கு மேல் 'தூ' (மிக இனிப்பு). சிலர் சொல்லுக்குப் பதிலாக இனிப்பைக் காட்டும் ஓர் அளவுகோலை அச்சிடுவார்கள். இந்தச் சொல் பெரும்பாலும் பின்பக்க லேபிளில், பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

படி 3: 'கிராண்ட் க்ரூ' என்று இருந்தால் மயங்காதீர்கள். அது 51 குறிப்பிட்ட திராட்சைத் தோட்டப் பகுதிகளுக்கான தகுதி. இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'வான்தான்ஜ் தார்திவ்' என்றால் தாமதமாகப் பறித்த பழம். அது பெரும்பாலும் இனிப்புதான். விலையும் எகிறும்.

படி 4: 8 முதல் 10 டிகிரிக்குக் குளிர வைத்து ஊற்றுங்கள். பச்சைத் தண்டு வைத்த அல்சாஸ் கிளாஸ் அழகுதான், ஆனால் மணம் பிடிக்க வாய் குறுகிய சாதாரண கிளாஸ்தான் என் கட்சி. பரிசாக முவாலே கெவுர்ட்ஸ்டிராமினர் வந்துவிட்டதா? மன்ஸ்டர் என்ற அல்சாஸ் சீஸோடு குடித்துப் பாருங்கள். அந்த ஊரில் இது பழைய ஜோடி.

பின்சேர்க்கை: பழைய பாட்டிலில் 'டோக்கே பினோ கிரி' என்று இருக்கிறதே, இது வேறு ரகமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அதே பினோ கிரிதான். ஹங்கேரியின் டோக்கே ஒயினோடு குழப்பம் வரக்கூடாது என்று 2007-இல் அந்தப் பெயரை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பழைய பாட்டிலில் இனிப்பளவு எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை மட்டும் மீன் வறுத்த அன்றைக்குத் திறக்காதீர்கள்.