குட்டி யானையில் பியானோ: ஏற்றி இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகள் இசைத் தேர்வு எழுதத் தொடங்கியதும் பல வீடுகளில் பழைய ஜப்பானிய பியானோ ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். விலை பேசி முடிந்த மறுநாளே, பீரோவும் கட்டிலும் ஏற்றிய பழக்கத்தில், தெருமுனையில் நிற்கும் குட்டி யானையை வாடகைக்குப் பிடித்துவிடுகிறார்கள். பீரோ வேறு, பியானோ வேறு என்பதை உணராமல் செய்யும் இந்த அவசரத்தில்தான் மற்றத் தவறுகள் யாவும் தொடங்குகின்றன.

சுவரோரம் நிற்கும் நேர்நிலைப் பியானோவின் எடை பெரும்பாலும் 200 முதல் 250 கிலோ வரை இருக்கும். நம் ஊரில் அதிகம் கைமாறும் யமஹா யு1 வகையை எடுத்துக்கொண்டால் உயரம் 121 செ.மீ., அகலம் 153 செ.மீ., ஆழம் 61 செ.மீ., எடை ஏறக்குறைய 228 கிலோ. உள்ளே இருநூற்றுக்கும் மேற்பட்ட தந்திகள் இழுக்கும் மொத்த விசை 15 முதல் 20 டன் வரை வருவதால், அதைத் தாங்குவதற்காக ஒரே வார்ப்பாகச் செய்த இரும்புச் சட்டம் ஒன்று முதுகுப் பக்கமாக நிற்கிறது. முன்பக்கம் இருக்கும், விரலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகளும் தந்திகளைத் தட்டும் சுத்தியல்களும் அதனோடு ஒப்பிட்டால் இலேசானவை. ஆகவே பியானோவின் பாரம் நடுவில் இல்லை. முதுகை ஒட்டியும், தரையிலிருந்து கணிசமான உயரத்திலும் இருக்கிறது. முன்னால் தள்ளும்போது அசையாத பியானோ, பின்னால் சற்றுச் சாய்ந்தாலே மளமளவென்று விழப் பார்ப்பது இதனால்தான்.

வண்டியை அளக்காமல் அழைப்பது பெரிய தவறு. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் வண்டிக்கு 228 கிலோ ஒரு பொருட்டே அல்ல. சிக்கல் இடத்தில்தான் இருக்கிறது. அதன் பின்புறச் சரக்குத் தொட்டியின் அகலம் பொதுவாக 150 செ.மீ.யைத் தொடுவதில்லை என்பதால் 153 செ.மீ. பியானோ குறுக்காக நுழையாது. உடனே அதை நீளவாக்கில் திருப்பி, முதுகைப் பக்கக் கதவில் சாய்த்து நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கதவின் உயரமோ ஓர் அடி அளவுதான். பியானோவின் பாரம் மையங்கொள்ளும் இடம் அதற்கு வெகு மேலே இருப்பதால், வளைவில் வண்டி சாயும்போது அந்தக் கதவு பியானோவைத் தாங்காது, அதன் காலைத் தட்டிவிடும் தடையாகவே ஆகும். வாடகை கூடினாலும் தொட்டி அகலமான பெரிய பிக்அப் வண்டியைப் பேசி, பியானோவைக் குறுக்காக, முதுகு ஓட்டுநர் அறையின் பின்னாலுள்ள இரும்புத் தடுப்பில் பதியும்படி நிறுத்துவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பிரேக் போடும்போது பாரம் முன்னோக்கி ஓடும். அங்கே உயரமான தடுப்பு இருந்தால் பியானோவுக்குப் போக இடமில்லை. தடுப்பு இல்லாத, கண்ணாடி மட்டும் உள்ள வண்டியை அனுப்பினால் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

ஏற்றும் பலகையின் நீளத்தில் சிக்கனம் பார்ப்பது அடுத்த தவறு. தொட்டியின் தரை 80 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒன்றரை மீட்டர் பலகையில் 228 கிலோவை மேலே தள்ள, உராய்வைச் சேர்க்காமலே சுமார் 120 கிலோ விசை வேண்டும். பலகை 3 மீட்டரானால் அது ஏறத்தாழ 60 கிலோவாகக் குறைந்துவிடும். குட்டைப் பலகையில் இன்னொரு கேடும் உண்டு. சரிவு முடிந்து தொட்டி தொடங்கும் முனையில் பியானோவின் அடிப்பாகம் இடித்து, பித்தளை மிதிகள் வளைந்துபோகின்றன. பலகை தடிமனாகவும், மேல்முனை நழுவாதபடி கட்டப்பட்டும் இருக்க வேண்டும்.

பியானோவின் அடியில் உள்ள சிறு சக்கரங்களை நம்பி உருட்டக் கூடாது. பெருக்குவதற்காக அறைக்குள் ஒரு சாண் நகர்த்தத்தான் அவை பயன்படும். எங்கள் வீட்டுப் பியானோ வந்த நாளில், வாசற்படியின் இடுக்கில் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டது. தெரியாமல் நாங்கள் தள்ளியபோது அதைத் தாங்கியிருந்த முன்கால் பிளந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. தடித்த மரச் சட்டத்தில் நான்கு பெரிய ரப்பர் சக்கரங்கள் பூட்டிய உருளைப் பலகையின் மேல் பியானோவை வைத்து நகர்த்த வேண்டும். வண்டியில் ஏறியதும் அந்தப் பலகையை உருவிவிட வேண்டும். தூக்கும்போது முன்கால்களையோ அழகுச் சட்டங்களையோ பிடிக்காமல், முதுகில் உள்ள கைப்பிடிகளையும் கட்டை வரிசையின் அடித்தளத்தையும் பிடிக்குமாறு லோடுமேன்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நான்கு பேர் வேண்டும். குரல் கொடுப்பவர் ஒருவராக இருக்க வேண்டும்.

விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் சிலர் பியானோவை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள். சுத்தியல்கள் தம் இடத்துக்குத் திரும்புவதில் புவியீர்ப்பும் பங்கெடுப்பதால், படுத்த நிலையில் குலுங்கினால் உள்ளமைப்பு இடம் பிசகக்கூடும். அதைவிட மோசமான கட்டம், திரும்ப நிமிர்த்தும்போது முழு எடையும் முதுகின் கீழ்விளிம்பில் இறங்குவதுதான். பியானோ நின்றபடியே பயணம் செய்யட்டும்.

கட்டுவதில் நடக்கும் தவறுகள்தான் உயிருக்கே ஆபத்தானவை. சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரவிதி, திடீர் பிரேக்கின்போது சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கியும், பாதி எடை பக்கவாட்டிலும் செயல்படும் என்று கணக்கிடச் சொல்கிறது. அதாவது, நம் பியானோவுக்கு முன்னோக்கி 180 கிலோவுக்கு மேல், பக்கவாட்டில் 110 கிலோவுக்கு மேல். நைலான் கயிறு இழுபடும்போது நீளும். ஒவ்வொரு வேகத்தடையிலும் முடிச்சு சற்றுத் தளரும். பிடியை நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டேனும் வேண்டும். ஒன்று கட்டைகளுக்கு மேலே, மற்றொன்று கீழே, பியானோவின் முழு உடலையும் சுற்றி முன்தடுப்பின் இரும்புக் குழாயோடு இறுக வேண்டும். கட்டை மூடியின் மேலோ கால்களின் மேலோ பெல்ட் ஓடக் கூடாது. அடியில் இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்தால் சக்கரங்கள் தரையைத் தொடாமல் நிற்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் வண்டியை ஓரங்கட்டி பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

பெல்ட்டுக்குப் பதிலாக இரண்டு ஆட்களைப் பின்னால் நிற்கவைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வது நம் ஊரில் சர்வ சாதாரணம். இதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். சரியும் கால் டன் இரும்பை எந்த மனிதனும் தாங்கிப் பிடிக்க முடியாது. அவர் தடுப்புக்கும் பியானோவுக்கும் இடையில் நசுங்கிப்போவார்.

கட்டை மூடியைப் பூட்டிவிட்டு, தடித்த கம்பளி அல்லது ஜமக்காளத்தால் முழுவதையும் போர்த்துங்கள். பளபளப்பான பூச்சின் மேல் நேராகப் பசைநாடா ஒட்டினால், வெயிலில் இளகி, உரிக்கும்போது பூச்சையும் கொண்டுபோகும். மழைக்காலமானால் கம்பளிக்கு மேல் தார்ப்பாய் வேண்டும். ஆனால் சேர்ந்ததும் அதை அவிழ்த்துவிடுங்கள், உள்ளே தங்கும் ஈரம் மரத்துக்கும் தந்திக்கும் பகை.

புது வீட்டில் இறக்கிய மறுநாளே சுருதி சேர்ப்பவரை அழைப்பதும் வீண் செலவுதான். அறையின் ஈரப்பதத்துக்கு மரம் பழக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் சேர்த்த சுருதி மீண்டும் இறங்கிவிடும். அதுவரை வெயில் படாத, ஏ.சி. காற்று நேராக வீசாத உட்சுவர் ஓரமாகப் பியானோவை நிறுத்தி, பிள்ளைகளைத் தாராளமாக வாசிக்க விடலாம்.