காப்பகத்து நாய் வீட்டு ஆட்களைக் கடித்தால் எங்கிருந்து தொடங்குவது?

எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்திலிருந்து நாயைக் கூட்டிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் வீட்டில் யாரையாவது கடித்துவிடும். உடனே வீடு இரண்டு கட்சியாகப் பிரியும். ‘திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடு’ என்பார்கள் சிலர், ‘நாலு போடு போட்டால் அடங்கிவிடும்’ என்பார்கள் மற்றவர்கள். இரண்டுக்குமே அவசரப்படாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வீடுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். சின்ன முற்றம், கேட்டுக்கு வெளியே எந்நேரமும் ஹாரன் அடிக்கும் டாக்சி, ஒரே கூரையின் கீழ் ஆயா தாத்தாவில் தொடங்கி தவழும் குழந்தை வரை.

1. முதலில் காயம், அப்புறம்தான் நாய்

டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. அதனால் பல் பட்டுத் தோல் கீறியிருந்தால்கூட ‘நம்ம வீட்டு நாய்தானே’ என்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஆயா எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். வெறிநோய்க்கான அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படலாம். அதை அங்கேயே கேளுங்கள்.

நாயின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்த நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, பிறகு 3 வருடத்துக்கு ஒருமுறையாவது. அட்டை இல்லையென்றால் காப்பகத்தில் கேட்டு வாங்குங்கள். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அதுவரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

2. எவ்வளவு கடித்தது என்று எழுதிவையுங்கள்

ஒரு நோட்டில் தேதி, இடம், யாரை, அதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது, காயம் எப்படி என்று குறியுங்கள். கால்நடை மருத்துவர் ஐயன் டன்பார் வகுத்த 6 படி அளவுகோலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். பல்லே படாமல் பாய்ந்தால் 1. பல் பட்டும் தோல் துளைபடாவிட்டால் 2. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளை, அதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை என்றால் 3. அதைவிட ஆழம் என்றால் 4. அதற்கு மேலே உள்ளவை இன்னும் மோசம்.

1, 2 என்றால் கீழே சொல்வதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 3 என்றால் பயிற்சியாளரின் துணையோடு. 4 என்றால், அதிலும் வீட்டில் குழந்தை இருந்தால், கட்டுரை படித்துச் சமாளிக்கிற விஷயமே இல்லை.

3. வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) காட்டுங்கள்

வலியில் கடிக்கும் நாய்க்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. காது, பல், இடுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டர்பன் வெக்கையில் காதுக்குள் புண் சுலபமாக வரும். அப்போது தலையைத் தடவப் போகிற கைதான் நாய்க்கு எதிரி. உண்ணி கடித்து வரும் பிலியரி காய்ச்சலையும் விட்டுவிடாதீர்கள். ஈறு வெளுத்து, நாய் சுருண்டே கிடந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

4. கடிக்கும் வாய்ப்பைக் குறையுங்கள்

நாய்க்கென்று ஒரு மூலை, ஒரு பாய், ஒரு தட்டு. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாரும் கிட்டே போகக்கூடாது. பாசேஜில் குழந்தைக் கேட் ஒன்று மாட்டுங்கள். குழந்தையையும் நாயையும் பெரியவர் யாரும் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குக்கூட. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்தாலோ வீட்டில் பூஜை என்றாலோ நாய் பின்னறையில் இருக்கட்டும். ‘பாவம், அதுவும் வரட்டுமே’ என்று சொல்ல ஒரு மாமா கட்டாயம் இருப்பார். அவரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

புது இடம் பழக 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று காப்பகக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். தோராயமான கணக்குதான். ஆனால் முதல் வாரத்திலேயே மடியில் வந்து படுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல் இருக்க அது உதவும்.

5. உறுமினால் திட்டாதீர்கள்

இதைத்தான் வீடுகளில் தலைகீழாகச் செய்கிறார்கள். நாய் உறுமினால் அதட்டுவது, மூக்கில் தட்டுவது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது. அதற்குப் பிறகு நாய் உறுமுவதை நிறுத்தும், பயம் நிற்காது. அடுத்த தடவை சத்தமே இல்லாமல் கடிக்கும். அப்புறம் ‘திடீர்னு கடிச்சிடுச்சு’ என்பார்கள்.

உறுமலுக்கு முன்பே உடம்பு பேசிவிடும். சாட்ஸ்வொர்த்தின் பேவியூவில் என் அத்தை வீட்டு நாய் சோபாவில் படுத்திருக்கும். மாமா அதை இறக்கப் போவார். முதலில் முகத்தை அப்பால் திருப்பும். பிறகு நாக்கு ஒருமுறை மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகும். தலை அசையாது, கண் மட்டும் பக்கவாட்டில் அவரைப் பார்க்கும், வெள்ளை தெரியும். அடுத்தது உடம்பு அப்படியே விறைத்துவிடும். மாமாவின் கை அப்போதுதான் கழுத்துப் பட்டையைத் தொடும். உங்கள் நாய் அந்த முகத்தைத் திருப்பும்போதே நீங்கள் நின்றுவிட வேண்டும். இரண்டடி பின்னால் வாருங்கள், பக்கவாட்டில் திரும்புங்கள். வீட்டில் எல்லோருக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்கும், இந்த நாலு அறிகுறியையும் சொல்லிக்கொடுங்கள்.

6. பிடுங்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள்

வேகவைத்த கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஒரு டப்பாவில் வையுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம், அதனால் கறிக்குழம்பில் கிடந்த துண்டு ஆகாது. பில்டாங் என்கிற உலர்ந்த இறைச்சியில் உப்பு அதிகம், அதுவும் வேண்டாம்.

சோபா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து ‘வா’ என்று கூப்பிட்டு ஒரு துண்டைத் தரையில் போடுங்கள். இறங்கினால் இன்னொன்று. கையால் தொடவே வேண்டாம். சில நாளில் ‘வா’ என்றாலே இறங்கும். செருப்பை வாயில் கவ்வியிருந்தாலும் இதேதான். கோழியை மூக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அது விட்டுவிட்டு நகர்ந்த பிறகு எடுங்கள். ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மனிதர் கிட்டே வந்தால் பறிபோகும் என்ற பயம் அப்படித்தான் குறையும்.

கழுத்துப் பட்டையைத் தொடப் பழக்குவதும் இந்த வழியில்தான். கையை அருகில் கொண்டுபோங்கள், கோழி. அது நிதானமாக இருந்தால் விரலால் தொடுங்கள், கோழி. பிடித்து விடுங்கள், கோழி. முகம் திரும்பினால் ஒரு படி பின்னால் போங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். 3-ஆம் படிக் கடி என்றால் இதைப் பயிற்சியாளர் வந்த பிறகே செய்யுங்கள்.

7. வாய்க்கூடை

நாய் கடிக்க முடியாதபடி வாயில் மாட்டுவது இது. மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை வகையையே வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை இந்த வெயிலுக்கு ஆபத்து. முதலில் கூடைக்குள் கோழியை வைத்து நாயே மூக்கை நுழைக்கட்டும். வாரைக் கட்டுவது பல நாள் கழித்து.

8. பட்டாசு மாதம்

தீபாவளியும், பட்டாசு வெடிக்கும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வரும். அந்த இரவுகளில் மிரண்ட நாய், தடவ வந்த கையையும் கடிக்கும். சாயங்காலமே நடக்கக் கூட்டிப்போய் வந்து, திரை மூடிய அறையில் ரேடியோவைப் போட்டு விடுங்கள். மயக்க மாத்திரை தேவையா என்று வெட்டிடம் முன்கூட்டியே கேளுங்கள். மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தால்

சில நாய்கள் குழந்தை இல்லாத வீட்டுக்குத்தான் ஏற்றவை. கடி ஆழமாகிக்கொண்டே போனாலோ, வீட்டில் யாராவது பயந்து பயந்து நடக்க வேண்டியிருந்தாலோ காப்பகத்திலேயே ஒப்படைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவருக்குக் கடியை மறைத்துக் கொடுப்பதுதான் தவறு. நாயோடு தடுப்பூசி அட்டையையும் நோட்டின் பிரதியையும் கொடுங்கள். எந்த மாதிரி வீடு அதற்கு ஒத்துவரும் என்று அவர்கள் அதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.