வன்னியில் பாண் போடப் பழக விரும்பினால்

இலங்கையின் வடக்கே, ஏ9 வீதியால் வன்னிக்குப் போகிறவர்கள் பாண் (பிரெட்) போடப் பழக விரும்பினால், விடிந்த பிறகு பேக்கரிக்குப் போவதில் பெரிய பயனில்லை. முக்கியமான வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ விறகுப் போறணை (பாண் சுடும் செங்கல் அடுப்பு) எங்கே இருக்கிறது என்று தேத்தண்ணிக் கடையில் விசாரியுங்கள். பின்னேரமே போய், "அண்ணை, இரவு மா குழைக்கேக்க நானும் நிண்டு பார்க்கலாமோ?" என்று கேளுங்கள். கையுதவிக்கும் தயாராகப் போவது நல்லது.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது நெருப்பைத்தான். விறகு எரிந்து செங்கல் நன்றாகச் சூடேறியதும் தணலை ஒதுக்கிவிடுவார்கள். பாண் வேகுவது செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூட்டில். போறணையின் உள்தரையில் ஒரு சிட்டிகை மா தூவிப் பாருங்கள். உடனே கருகினால் சூடு அதிகம். மெதுவாகப் பொன்னிறமானால் சரி, பாணை உள்ளே தள்ளலாம். பிறகு கதவை அடிக்கடி திறக்கவே கூடாது.

வீட்டில் செய்ய, ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 600 மில்லிலீட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு, 5 கிராம் உலர் ஈஸ்ட் போதும். வன்னி வெயிலில் மா வேகமாகப் பொங்கும் என்பதால் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரே நல்லது. நேரத்தை நம்பாதீர்கள், மா இரண்டு மடங்கானதா என்று பாருங்கள். வெந்த பாணின் அடியைத் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும். அப்புறம் ஆறவிட்டே வெட்டுங்கள், சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.