ஊசிக்குப் போகும்போது ஓர் ஓலைக் காத்தாடி

போன ஐப்பசி மழையில் என் மகளுக்கு டெங்கு. நாலு வயது. பிளேட்லெட் பார்க்கத் தினமும் ரத்தம் எடுத்தார்கள். முதல் நாள் "ஊசியெல்லாம் இல்ல கண்ணு, டாக்டர் சும்மா பார்ப்பாரு" என்று சொல்லித்தான் தூக்கிப் போனேன். மூன்று பேர் சேர்ந்து கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அன்று ராத்திரி வரை அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாளிலிருந்து என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், வீட்டிலேயே ஊசி விளையாட்டு. சிரப் கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச், பஞ்சு, ஒரு ரிப்பன், ஒரு பொம்மை போதும். எங்களிடம் இருந்தது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. ரிப்பனைக் கட்டு, பஞ்சால் துடை, சிரிஞ்சை வை, எடு, பஞ்சை அமுக்கு: ஆஸ்பத்திரியில் நடக்கிற அதே வரிசையில் குழந்தையே செய்யட்டும். இவள் சிரிஞ்சை வைத்ததும் பொம்மை தலையாட்டியது. "வலிக்குதாம்மா அதுக்கு" என்றாள். நல்ல சமயம் என்று, "ஆமா, சுருக்குன்னு வலிக்கும், கொஞ்ச நேரத்துல போயிடும், அப்ப நாம ஊதணும்" என்றேன். வலிக்காது என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். "சாப்பிடலைன்னா ஊசி போட்டுடுவாங்க" என்ற மிரட்டலையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது காத்தாடி. தென்னங்கீற்றிலிருந்து இரண்டு ஓலையை உருவி, குறுக்கும் நெடுக்குமாக மடித்துப் பின்னி, நடுவில் ஈர்க்குச்சியைச் செருகினால் சரி (முனையை ஒடித்துவிடுங்கள்). கடையில் வாங்கியதும் ஆகும். மூக்கால் இழுத்து வாயால் நீளமாக ஊதப் பழக்குங்கள். சோப்பு நுரைக் குமிழியும் இதே வேலையைச் செய்யும், ஆனால் வார்டுத் தரை வழுக்கும் என்பதால் எனக்குக் காத்தாடிதான் பிடிக்கும்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கை என்று அவளே சொல்லட்டும். குத்தும் இடத்துக்குச் சற்று மேலே லேசாகத் தேய்த்துக் கொடுக்கலாம்; தொடு உணர்ச்சி முதுகுத்தண்டில் வலியின் வழியை அடைக்கிறது என்று 1965-இல் வலியை ஆராய்ந்த ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் சொன்னார்களே, அதுதான். அப்புறம், "சிஸ்டர், அவ ஊத ஆரம்பிச்சதும் குத்துங்க" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டதும் அந்த சிஸ்டர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார், காத்தாடி சுற்றியது, ஊசி இறங்கியது, அவள் "ஆ" என்றாள், மறுபடி ஊதினாள். அழவில்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் அழுதாள். ஆனால் யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அடிக்கடி ஊசி வேண்டிய பிள்ளை என்றால் மரத்துப்போகிற க்ரீம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், அதனால் கடைசி நிமிடத்தில் கேட்டுப் பயனில்லை. புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும் கைக்குழந்தைக்குக் காத்தாடி வேண்டாம். ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுங்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் பரிந்துரைத்தது.

வீட்டுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். இந்த முறை ஊசி உங்களுக்கு. என் மகள் என் கையில் ஏழு தடவை போட்டாள், ஒவ்வொரு தடவையும் காத்தாடியை என் வாயருகே நீட்டி, "ஊதும்மா" என்றாள்.