சூனியக்காரி வேட்டைய புக்குங்க நிறுத்துச்சா? நீங்களே கண்டுபிடிக்கறது எப்படி

ஐரோப்பால ஒரு காலத்துல சூனியக்காரின்னு சொல்லி பொம்பளைங்கள எரிச்சாங்க, அப்புறம் நாலு அறிவாளிங்க புக் எழுதுனாங்க, ஜனங்க தெளிஞ்சிட்டாங்க, கதை முடிஞ்சது. நெறைய பேர் இப்படித்தான் சொல்றாங்க, நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பிட்டு இருந்தேன். ஒரு நாள் சும்மா ஒரு பேப்பர்ல புக் வந்த வருஷத்தையும் கேஸ் நடந்த வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதி பாத்தேன், அங்கதான் இடிக்க ஆரம்பிச்சது. அந்த பேப்பர எப்படி போடறதுன்னுதான் இங்க சொல்ல போறேன்.

படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்ம ஊர்ல சூனியம்னா பில்லி, ஏவல், யாரோ யாருக்கோ வச்சது, அவ்வளவுதான். அங்க பல கோர்ட்டுங்க பாத்த குத்தம் வேற. சாத்தானோட ஒப்பந்தம் போட்டா, ராத்திரி பறந்து போயி அவன் கூட்டத்துல கலந்துகிட்டா, சாமிய மறுதலிச்சா, இதுதான் கேஸ். மாடு செத்தது, பால் திரிஞ்சது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டு வர்ற புகார். பல ஊர்ல இது ரெண்டும் ஒட்டுனாதான் ஒரு கெழவி மேல கேஸ் நல்லா நிக்கும். அதனால "சந்தேகப்பட்டு எழுதுனார்"னு எங்கயாவது படிச்சா உடனே "எத சந்தேகப்பட்டார்"னு கேளுங்க. சாத்தான் இருக்கறதையா, ஒப்பந்தம் நடக்கறதையா, இல்ல அது நடந்ததுன்னு கோர்ட்ல நிரூபிக்க முடியும்ங்கறதையா? மூணும் வேற வேற.

சரி, பேப்பர எடுங்க. அஞ்சு கட்டம் போதும்: எழுதுனவர் யாரு அவர் பொழப்பு என்ன, புக் எந்த வருஷம், எத சந்தேகப்பட்டார், அத படிச்சவங்க யாரு, அந்த ஊர்ல கேஸ் எப்ப நின்னுச்சு. கடைசி கட்டத்தத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, ஆனா கூத்து எல்லாம் அங்கதான் இருக்கு.

உதாரணத்துக்கு பால்தசார் பெக்கர். ஆம்ஸ்டர்டாம்ல பாதிரியார், 1691ல புக் எழுதறார், சாத்தானால இந்த உலகத்துல எந்த வேலையும் செய்ய முடியாதுன்னே சொல்லிட்டார், அடுத்த வருஷம் பதவி போச்சு. பெரிய புரட்சிதான், ஒத்துக்கறேன். ஆனா கடைசி கட்டத்துக்கு வாங்க. டச்சுக்காரங்க ஊர்ல சூனியத்துக்கு மரண தண்டனை குடுக்கறது அவர் எழுதறதுக்கு பல பத்து வருஷம் முன்னாடியே நின்னு போச்சு. அப்ப அவர் புக் அங்க எத நிறுத்துச்சு? இங்கிலாந்துல ஃப்ரான்சிஸ் ஹட்சின்சன் 1718ல எழுதுனதும் இதே மாதிரிதான், அங்க கடைசியா தூக்குல போட்டது 1680கள்லயே முடிஞ்சிருச்சு. (ஆமா, தூக்குதான். இங்கிலாந்துல சூனியக் கேசுக்கு எரிக்க மாட்டாங்க.) நெருப்பு அணைஞ்சதுக்கு அப்புறம் வந்து இது ஏன் தப்புன்னு வெளக்குன புக்குங்க இதெல்லாம். அதுக்கும் மதிப்பு இருக்கு, ஆனா அது வேற மதிப்பு.

இப்ப தலைகீழா பாருங்க. யோஹான் வையர், ஜெர்மன் பகுதியான கிளீவ்ஸோட டியூக்குக்கு வைத்தியர், 1563லயே எழுதிட்டார். இந்த கெழவிங்களுக்கு மனசு நோய், சாத்தான் இவங்கள ஏமாத்தி பறந்த மாதிரி நெனக்க வைக்கறான், இவங்களுக்கு வேணுங்கறது மருந்து, நெருப்பு இல்லன்னு. எவ்வளவு முன்னாடி பாருங்க. ஆனா ஜெர்மன் பகுதிகள்ல மோசமான வேட்டை எல்லாம் நடந்தது அதுக்கு அப்புறம், 1580கள்லேருந்து 1630கள் வரைக்கும். புக் வந்தா நம்பிக்கை போயிடும்னா இந்த கணக்கு எப்படி வரும்?

ஏன் எடுபடலன்னு பாத்தா, அவர் சாத்தான விட்டுட்டார். சாத்தான் இருக்கான், ரொம்ப பலசாலின்னு ஒத்துகிட்டு, பொம்பளைங்கள மட்டும் காப்பாத்த பாத்தார். 1580ல ழான் போதான்னு ஒரு சட்ட அறிஞர் அங்கதான் புடிச்சார்: நீ வைத்தியன், உனக்கு சட்டம் என்ன தெரியும், சாத்தான் இவ்வளவு செய்வான்னா ஒப்பந்தம் மட்டும் போட மாட்டானா, உன் மேலயே எனக்கு சந்தேகமா இருக்குன்னு. இதுல வேடிக்கை, வையர் 1577ல கிண்டலுக்கோ அம்பலப்படுத்தவோ 69 பேய்ங்க லிஸ்ட் ஒண்ண புக்கோட சேத்தார், பின்னாடி மந்திரவாதிங்க அதையே எடுத்து கைடா வச்சுகிட்டாங்க.

ரெஜினால்ட் ஸ்காட்டுக்கும் இதே கதிதான். இங்கிலாந்துல கென்ட் பக்கம் ஒரு கிராமத்து ஜென்டில்மேன், அதுக்கு முன்னாடி பீருக்கு போடற ஹாப்ஸ் கொடி வளக்கறது எப்படின்னு புக் போட்டவர். 1584ல எழுதுனதுல, பிச்சை கேட்டு வந்த கெழவிய வெரட்டுவாங்க, அவ ஏதோ முணுமுணுத்துட்டு போவா, அடுத்த வாரம் குழந்தைக்கு காய்ச்சல் வந்தா அவதான் காரணம், இப்படித்தான் சூனியக்காரி உருவாகறான்னு பிட்டு பிட்டு வச்சார். கைல கத்தி ஏறுன மாதிரி காட்டறது, தலைய வெட்டி தட்டுல வைக்கற மாதிரி காட்டறதுன்னு வித்தைக்காரன் ரகசியம் எல்லாம் படம் போட்டு சொன்னார். பலன்? ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் 1597ல இவரையும் வையரையும் பேர் சொல்லி திட்டி ஒரு புக் எழுதுனார், 1603ல அவரே இங்கிலாந்துக்கும் ராஜா, 1604ல சட்டம் இன்னும் கடுமையாச்சு. எனக்கு ஸ்காட்டதான் ரொம்ப புடிக்கும், ஆனா புடிச்சவர்ங்கறதுக்காக ஜெயிச்சார்னு எழுத முடியாதில்ல.

ஜெயிச்சவங்கள எங்க தேடணும்னா, நாலாவது கட்டத்துல, படிச்சவங்க யாருங்கறதுல.

ஃப்ரீட்ரிக் ஷ்பே, ஜெர்மன்காரர், கத்தோலிக்க இயேசு சபை பாதிரியார். தண்டனை ஆனவங்களுக்கு கடைசி பாவமன்னிப்பு குடுக்க போனவர், அதனால உள்ள நடந்தது தெரியும். 1631ல பேர் போடாம எழுதறார், அதுவும் புராட்டஸ்டண்ட் ஊரான ரின்டெல்ன்ல அச்சாகுது. ஐம்பது சொச்சம் கேள்வி பதில். மொத கேள்வியே சூனியக்காரிங்க இருக்காங்களாங்கறதுதான், பதில் என்ன தெரியுமா, இருக்காங்க! அப்படி சொல்லி ஜட்ஜ உக்கார வச்சுட்டு, அப்புறம்தான் கயித்த இறுக்கறார். அவ வாழ்க்கை மோசமா இருந்தா அது சாட்சி, நல்லா இருந்தா வேஷம் போடறா, அதுவும் சாட்சி. பயந்தா குத்தம் உள்ளவ, பயப்படலன்னாலும் குத்தம் உள்ளவ. சித்திரவதைல ஒத்துகிட்டா முடிஞ்சது, ஒத்துக்கலன்னா சாத்தான் தாங்க வைக்கறான். அப்புறம் எவ தப்பிப்பா? இன்னும் நம்மள அந்த மெஷின்ல போடாததாலதான் நாம எல்லாரும் சூனியக்காரங்க ஆகலன்னு போகுது வாதம். சாத்தான பத்தி சண்டையே போடல, வாக்குமூலத்த மட்டும் ஒடச்சார். இத எழுதும்போது வூர்ஸ்பர்க், பாம்பெர்க் பக்கம் பெரிய வேட்டை இப்பதான் நடந்து முடியுது, அத மனசுல வச்சு படிங்க.

இதுக்கு பலன் காட்ட முடியும். ஜெர்மன்ல மைன்ஸ் பகுதிக்கு ஆட்சியாளரா ஆன ஷோன்போர்ன்ங்கறவர் சின்ன வயசுல ஷ்பேய சந்திச்சவர், பின்னாடி தன் பகுதில இந்த கேசுங்கள நிறுத்துனார், இத தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் எழுதி வச்சிருக்கார். ஷ்பேக்கு தலைமுடி சீக்கிரமே நரைச்சது இந்த சாவுங்கள பாத்துதான்னு வர்ற கதையும் லைப்னிட்ஸ் வழியாதான், அது ரொம்ப வருஷம் கழிச்சு சொன்ன ஞாபகம், அதனால பேப்பர்ல பென்சில்ல எழுதுங்க. ஆனா எழுதுனவர், படிச்சவர், உத்தரவுன்னு சங்கிலி கண்ணுக்கு தெரியுது பாருங்க, அதுதான் நீங்க தேட வேண்டியது.

அப்புறம் புக்கே எழுதாத ஒருத்தர கட்டாயம் சேருங்க. அலோன்சோ டி சலாசார், ஸ்பெயின்ல மத விசாரணை அதிகாரி, அதாவது மதக் குத்தங்கள விசாரிக்கற சர்ச் கோர்ட் ஆளு. 1610ல லொக்ரோன்யோல 6 பேர உயிரோட எரிச்சாங்க, அந்த கேஸ்ல தீர்ப்பு சொன்ன மூணு பேர்ல இவரும் ஒருத்தர். அடுத்த வருஷம் இவர விசாரிக்க ஊர் ஊரா அனுப்புனாங்க. தானா வந்து ஒத்துகிட்டவங்க 1,802 பேர், அதுல 1,384 குழந்தைங்க! இவர் ஒவ்வொண்ணா சோதிச்சார், கூட்டம் நடந்ததா சொன்ன எடத்த தனித்தனியா கேட்டா ஒருத்தருக்கொருத்தர் ஒத்து வரல, மந்திர தைலம்னு குடுத்தத பரிசோதிச்சா ஒண்ணும் இல்ல. அத பத்தி பேசவும் எழுதவும் ஆரம்பிக்கற வரைக்கும் ஊர்ல சூனியக்காரியும் இல்ல, சூனியம் புடிச்சவங்களும் இல்லன்னு மேலிடத்துக்கு ரிப்போர்ட் போட்டார். 1614ல மேலிடம் விதிய மாத்துச்சு. படிச்சவங்க கையளவு, பலன் நாடளவு. ஆனாலும் அந்த விதி மத விசாரணைக்காரங்கள மட்டும்தான் கட்டுப்படுத்துச்சு, ஸ்பெயின்லயே கத்தலோனியா பகுதில ஊர் கோர்ட்டுங்க அதுக்கு அப்புறமும் தூக்குல போட்டுச்சு.

கடைசியா, நம்பிக்கைக்கு தனியா ஒரு கட்டம் சேத்துக்கோங்க, சட்டத்தோட கலக்காதீங்க. 1712ல இங்கிலாந்துல ஜேன் வென்ஹம்னு ஒரு பொம்பளைய ஹெர்ட்ஃபோர்ட்ல ஜூரி குத்தவாளின்னு சொல்லிச்சு, ஜட்ஜ் நம்பல, ராணி மன்னிப்பு வாங்கி குடுத்தார். 1736ல சட்டமே போச்சு, இனிமே சூனியம் செஞ்சாங்கறது குத்தம் இல்ல. 15 வருஷம் கழிச்சு 1751ல ட்ரிங் பக்கத்துல ரூத் ஆஸ்போர்ன்ங்கற கெழவிய கூட்டம் சேந்து குளத்துல முக்கி கொன்னுச்சு. கோர்ட் இந்த தடவ கொன்னவன, தாமஸ் காலிங்கறவன, தூக்குல போட்டுச்சு. தூக்கு நடந்த அன்னிக்கு தூரத்துல நின்ன ஜனம், இவ்வளவு கெடுதல் செஞ்ச கெழவிய ஒழிச்சதுக்கு ஒருத்தன தூக்குல போடறது அநியாயம்னு முணுமுணுத்துச்சாம். ஸ்காட் புக் வந்து அப்ப 167 வருஷம். நம்பிக்கை கட்டத்துல இதத்தான் நான் மொதல்ல எழுதுனேன்.