விரிசல் விட்ட ஹூக்கா குடுவை: ஒட்டலாமா, மாற்றணுமா?

ஹூக்காவின் அடியில் தண்ணீர் நிற்கும் கண்ணாடிக் குடுவையில் கோடு தெரிந்தால், முதலில் அது கீறலா விரிசலா என்று பாருங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் விரிசல் கண்ணாடியின் கனத்துக்குள்ளேயே மின்னும், கீறல் மேலோடு நின்றுவிடும்.

விரிசல்தானா? ஒட்டிப் புழங்க வேண்டாம். எபாக்ஸி பசை ஒழுகலை நிறுத்தலாம், சரி, ஆனால் எகிப்திய வகை ஹூக்காவில் குடுவைமேல் நிற்கும் நெடிய உலோகத் தண்டின் பாரம் முழுக்கக் குடுவையின் கழுத்தில்தான் உட்காருகிறது, உச்சியில் எரியும் கரி வேறு இருக்கிறது, ஒட்டிய இடம் விட்டால் அத்தனையும் கம்பளத்தின் மேல்தான். ஆசைப்பட்டு வாங்கிய குடுவை என்றால் ஒட்டிப் பூச்சாடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசு வாங்கும் முன் பழைய கழுத்தின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். தண்டு ரப்பர் வளையத்தில் செருகுவதா, மரையில் திருகுவதா என்பதையும் பாருங்கள், ஒன்று மற்றதில் சேராது. உயரமும் முக்கியம்: தண்டின் கீழ்க்குழாய் அடியைத் தொடக்கூடாது, தண்ணீருக்குள் 2 முதல் 3 செ.மீ. மூழ்கினால் போதும். நெடிய தண்டுக்கு அடி அகலமான, கனத்த குடுவைதான் சரி.

மாட்டும்போது ரப்பர் வளையத்தை நனைத்து மெதுவாகத் திருகி இறக்குங்கள், அமுக்கினால் கழுத்து போய்விடும். அப்புறம் கரிக்கிண்ணம் உட்காரும் மேல்வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, புகை இழுக்கும் குழாயில் இழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் எங்கோ கசிவு, பெரும்பாலும் வளையம்தான்.

சூடான குடுவையில் ஐஸ் போடாதீர்கள், அதிலும் விரிசல் விடலாம்.